உளவு வழக்கில் தண்டனை 3 ஆண்டா, 14 ஆண்டா, ஆயுளா?

சட்டமாணவி:
கடற்படைத் தளத்தைப் படமெடுத்து வெளிநாட்டு ஆளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக ஒருவர் கைதானால், ஒரு நாளிதழ் 3 ஆண்டு என்கிறது, இன்னொன்று 14, வேறொன்று ஆயுள். எது சரி? 'ரகசியம்' என்று முத்திரை இல்லாத படத்துக்கும் வழக்கு நிற்குமா?

குற்றவியல் வக்கீல்:
எந்தப் பிரிவு என்று பாருங்கள். 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டத்தில் பிரிவு 3தான் உளவு. முப்படை விவகாரம், ஆயுதக் கிடங்கு, ரகசியக் குறியீடு என்றால் 14 ஆண்டு வரை, மற்றவற்றுக்கு 3 வரை. தகவலைக் கசியவிட்டால் பிரிவு 5: 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே வாங்கியவருக்கும் அதேதான். முயன்றாலோ தூண்டினாலோ, பிரிவு 9படி முழுக் குற்றத்துக்கான தண்டனையே.

முத்திரை தேவையில்லை. சாமா அலானா அப்துல்லா வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: 'ரகசிய' என்ற அடைமொழி குறியீட்டுக்கும் கடவுச்சொல்லுக்கும் மட்டுமே. வரைபடமோ குறிப்போ எதிரிக்குப் பயன்படக்கூடியது என்றாலே போதும். ஆனால் பிரிவு 3க்கு நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடான நோக்கம் வேண்டும். அதைச் சூழ்நிலையிலிருந்தே ஊகிக்கலாம் என்கிறது 3(2). வெளிநாட்டு உளவாளியின் பெயரோ முகவரியோ கைவசம் இருந்தால், அவரோடு தொடர்பு இருந்ததாகவே நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது பிரிவு 4. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் கவலை தருவது இந்த இரண்டும்தான்.

சைபர் பிரிவு:
ஆயுள் வருவது வேறு சட்டங்களிலிருந்து. அனுமதியின்றிக் கணினிக்குள் புகுந்து, நாட்டின் பாதுகாப்புக்காகத் தடைசெய்த தரவை எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66எஃப். பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 147 (அரசுக்கு எதிராகப் போர்) மரணம் அல்லது ஆயுள். வெறும் படம் அனுப்பியதற்கு இவை தாமாக வந்துவிடாது. எஃப்ஐஆரில் எந்தப் பிரிவுகள் உள்ளன என்று பாருங்கள். சாட்பதிவுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் கட்டாயம்: பகுதி ஏ, நிபுணர் தரும் பகுதி பி, ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணெழுத்துத் தொடர்). ஹாஷ் பொருந்தாவிட்டால் முதல் குறுக்கு விசாரணையே அதில்தான் தொடங்கும்.

குற்றவியல் வக்கீல்:
பலர் தவறவிடுவது அலுவலக ரகசியச் சட்டத்தின் 13(3). அரசோ அதிகாரம் பெற்ற அதிகாரியோ ஆணையிட்டுத் தரும் புகார் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியாது. போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது. இடத்தையும் சோதியுங்கள். ராணுவ, கடற்படை நிலையங்கள் சட்டப்படியே தடைசெய்யப்பட்ட இடம். ரயில், சாலை போன்றவற்றுக்கு அரசிதழ் அறிவிக்கையும், அதன் நகல் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அங்கே ஒட்டப்பட்டிருப்பதும் வேண்டும்.

இயல்பு ஜாமீன் (கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் உரிமையாகக் கிடைப்பது): 14 ஆண்டு என்பது உச்சவரம்பு, குறைந்தபட்சம் கிடையாது. 90 நாள் கெடுவுக்கு அப்போதைய சட்டம் 'பத்து ஆண்டுக்குக் குறையாத' தண்டனை கேட்டதால், கெடு 60 நாள்தான் என்று 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3)இல் வாசகம் "பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல்" என்றாகிவிட்டது, அரசுத் தரப்பு 90 நாள் கேட்கும். என்றாலும் 60 நாள் முடிந்ததும், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள். அது தாக்கலான பிறகு போட்டால் அந்த உரிமை போய்விடும்.