அரசாங்க வேலையில் இருந்தும் வாடகைக்குத் திண்டாட்டம்: உங்கள் ஊரிலும் இப்படியா?

மேரிலாந்து மீனா:
இங்கே அமெரிக்காவில் ஒரு அரசுப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். நாங்கள் ஒன்பது பேர், எல்லாரும் பெண்கள். ஆறு பேர் கறுப்பினத்தவர், இருவர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், அப்புறம் நான். 2020 செப்டம்பரில் கொரோனாவால் வகுப்புகள் திரையிலேயே தொடர்ந்தன. ஆசிரியர்களுக்குச் சம்பளம் வந்தது. எங்களைக் கூப்பிடவே இல்லை.

என் வீட்டுக்காரரின் ஐ.டி. சம்பளத்தில் நாங்கள் சமாளித்தோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியம்மா, அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன், இரண்டு பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். வீட்டைக் காலி செய்யச் சொல்லத் தடை இருந்தது, ஆனால் வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போனது. பள்ளி வாசலில் உணவுப் பொட்டலம் கொடுத்தபோது, பிள்ளைகளுக்குத் தினமும் பரிமாறிய அவரே பேரனோடு வரிசையில் நின்றார். கவர்ன்மென்ட் வேலை என்றால் நிம்மதி என்று கேட்டே வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படியா?

ஒஹாயோ கணக்கர்:
இல்லை அக்கா. 2020 பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் மாநில, உள்ளூர் அரசு வேலைகள் சுமார் 15 லட்சம் போயின. பெரும்பகுதி கல்வித் துறையில். பெரும்பாலான மாநிலங்களும் நகரங்களும் பற்றாக்குறை பட்ஜெட் போட முடியாது, வரி வரவோ விழுந்துவிட்டது. அந்த மார்ச்சில் மத்திய அரசு 15,000 கோடி டாலர் கொடுத்தது, ஆனால் வரி இழப்பை அதில் ஈடுகட்டக் கூடாது என்றது. அதற்கும் உதவும் 35,000 கோடி டாலருக்கு 2021 மார்ச்தான் சட்டம் வந்தது. நடுவில் ஒரு வருஷம். வெட்டு மணிக்கணக்குக்காரர்கள்மேல்தான் முதலில் விழும்.

வாசுகி:
அந்த இடத்தில் கறுப்பினப் பெண்கள் இத்தனை பேர் இருப்பதும் தற்செயல் இல்லை. தனியார் கதவு மூடியிருந்த காலத்தில் அவர்களுக்கு ஓரளவு திறந்தது அரசு வேலைதான். 1964 பாகுபாடு தடைச் சட்டம் 1972-ல் மாநில, நகர அரசுகளுக்கும் நீண்டது. அதனால் அரசு வேலையில் கை வைத்தால் அவர்கள் வீட்டு அடுப்பில்தான் கை வைக்கிறோம்.

மேரிலாந்து மீனா:
நன்றி இருவருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 கோடை விடுமுறையில் பெரியம்மாவுக்கு வேலையில்லா உதவித்தொகையும் கிடைக்கவில்லை. பள்ளி திறந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். அது கையில் இருந்தால் பள்ளி ஊழியருக்கு விடுமுறையில் உதவி கிடையாது. கொரோனாவுக்காக மத்திய அரசு அந்தத் தொகையோடு சேர்த்துக் கொடுத்த வாரம் 600 டாலர் கூடுதல் பணமும் அதோடு போயிற்று. மினசோட்டாவில் 2023-ல் மணிக்கணக்கு ஊழியர்களுக்காக இந்த விதியை மாற்றினார்கள். மேரிலாந்தில் இதற்காக யாராவது முயற்சி எடுக்கிறீர்களா? நானும் வருகிறேன், பெரியம்மாவும் அந்தக் கடிதத்தோடு வருவார்.