ஊர் நூலகத்தில் அறிவியல் திருவிழா: பொடிசு முதல் ஆச்சிமார் வரை எல்லாருக்கும் என்ன வைக்கலாம்?

குளத்தங்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிற நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தை ஒட்டி ஒரு நாள் முழுக்க அறிவியல் திருவிழா நடத்தலாம் என்று இறங்கியிருக்கிறோம். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள் அது, ராமனும் திருச்சியில் பிறந்தவர்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த நாள் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியோடு முடிந்துவிடுகிறது.

கண்காட்சி என்றால் எல்லாருக்கும் தெர்மாகோல்தான் நினைவுக்கு வருகிறது. பிள்ளை மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும், பெற்றோர் போட்டோ எடுப்பார்கள், அவ்வளவுதான். எங்களுக்கு அது வேண்டாம். அங்கன்வாடிப் பிள்ளைகள், பீடி சுற்றுகிற அக்காமார், வயலுக்குப் போகிறவர்கள், காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள், கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள், ஆச்சிமார் என்று எல்லாரும் வரவேண்டும், வந்தால் சும்மா நிற்காமல் ஏதாவது செய்துவிட்டுப் போகவேண்டும். இடம் என்று பார்த்தால் நூலகத்தின் ஒரே ஒரு அறை, பக்கத்தில் தொடக்கப்பள்ளி மைதானம், அதில் பெரிய வேப்பமரம். காசு ஊர்க்காரர்கள் போடுவதுதான், கம்பெனிக்காரர்களிடம் போக விருப்பமில்லை. இப்படி நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மலையோரத்து டீச்சர் எழுதியது:

தம்பி, முதலில் தேதி. பிப்ரவரி கடைசி என்றால் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நேரம், அவர்களைத் தொண்டர்களாக நம்பிவிடாதீர்கள். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிறவர்களைப் பிடியுங்கள், ஆர்வமும் அவர்களுக்குத்தான் அதிகம். 28ஆம் தேதியே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் அதை ஒட்டிய ஞாயிறு வையுங்கள், வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள்.

இரண்டாவது, போட்டி வேண்டவே வேண்டாம். முதல் பரிசு இரண்டாம் பரிசு என்று அறிவித்த நிமிஷமே மாடல் செய்கிற வேலை அப்பாவின் கைக்குப் போய்விடும், பரிசு கிடைக்காத பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, மேடை இதையெல்லாம் காலையில் வைத்தால் வெயில் ஏறும்வரை பேச்சுதான் நடக்கும்.

ஆச்சிமாருக்கு என்ன என்று கேட்டீர்கள். ஆரத்தி! மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பாகும் என்று அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஒரு ஆச்சியையே கூப்பிட்டு மேசையில் கரைக்கச் சொல்லுங்கள். சிவந்ததும் அதிலேயே எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்லுங்கள், சொட்டுச் சொட்டாக விட விட மறுபடி மஞ்சளாகிவிடும். இந்த இரண்டாவது பாதியைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஏன் திரும்புகிறது என்று அவர்களே கேட்பார்கள், அப்போது காரம், அமிலம் என்று பேச ஆரம்பித்தால் போதும். அடுத்து செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறு: எலுமிச்சைக்குச் சிவக்கும், சலவை சோடாவுக்குப் பச்சையாகும். பிள்ளைகள் வீட்டிலிருந்து சோப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், மோர், ஷாம்பு என்று எதையாவது கொண்டுவந்து சோதிக்கட்டும். பத்து ரூபாய் செலவில் நாள் முழுக்கக் கூட்டம் நிற்கும் மேசை இது.

பொடிசுகளுக்கு அரவிந்த் குப்தா செய்து காட்டுகிற பொம்மைகள் எடுத்துக்கொள்ளுங்கள். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, சைக்கிள் வால்வு டியூப்பைத் துண்டுதுண்டாக நறுக்கி மூட்டாகச் செருகினால் முக்கோணம், சதுரம், வீடு எல்லாம் செய்யலாம். சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது. உங்கள் ஊர்க் கொத்தனார் அல்லது தச்சர் ஒருவரை அந்த மேசையில் உட்கார வையுங்கள், கூரையில் குறுக்குச்சட்டம் ஏன் போடுகிறோம் என்பதை அவர் சொன்னால் பாடப்புத்தகம் சொல்வதைவிடத் தெளிவாக இருக்கும்.

நன்செய் எழுதியது:

டீச்சர் சொன்ன கொத்தனார் யோசனை ரொம்பச் சரி. அதேபோல விவசாயிகளைப் பார்வையாளராக வைக்காதீர்கள் தம்பி. அவரவர் வயலில் இருந்து ஒரு கைப்பிடி மண் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கிவிட்டு பேர் எழுதி வரிசையாக வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் மணல் அடியில் தங்கும், அதன்மேல் வண்டல் மெதுவாகப் படியும், களி மறுநாள்வரைகூட கலங்கலாகவே நிற்கும். சாயங்காலம் ஸ்கேல் வைத்து அளந்தால் யார் வயலில் தண்ணீர் ஏன் நிற்கவில்லை என்ற பேச்சு தானாக வரும். எங்கள் பக்கத்தில் இதை வைத்தபோது கூட்டம் கலைந்த பிறகும் பாட்டிலைச் சுற்றி விவாதம் ஓடியது.

இன்னொன்று, விதை நேர்த்தி. முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் விதைநெல்லைப் போட்டால் பதரும் அரைகுறையும் மேலே வரும், கனத்த நெல் அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் கழுவி விதைப்பது. நம்மவர்களுக்கு இது பழகிய வேலை, பிள்ளைகளுக்கு அடர்த்தி என்பது பாடம். ஒரு விவசாயி செய்துகாட்ட, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விளக்கட்டும்.

இரவுவானம் எழுதியது:

பகலிலேயே ஆரம்பிக்கலாம். மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை 11 மணியிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள். எல்லாரும் உச்சிவெயில் 12 மணிக்கு என்று நினைப்பார்கள். உங்கள் ஊரில் பிப்ரவரி கடைசியில் நிழல் மிகக் குட்டையாவது 12:30ஐத் தாண்டித்தான். நம் கடிகார நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, அம்பாசமுத்திரம் அதற்கு 5 பாகை மேற்கே இருப்பதால் 20 நிமிஷம் தாமதம், மீதி 12 நிமிஷத்துச் சொச்சம் பூமி சூரியனைச் சுற்றும் பாதையாலும் அச்சின் சாய்வாலும் வருவது. திண்ணைத் தாத்தாக்களை இந்தக் குச்சிக்குப் பொறுப்பாக்குங்கள். நிழல் பார்த்தே மணி சொன்ன தலைமுறை அவர்கள்.

சென்னையில் யாராவது சொந்தக்காரர் இருப்பார் அல்லவா, அதே நாளில் மொட்டைமாடியில் அதேபோல ஒரு மீட்டர் குச்சி வைத்து மிகக் குட்டையான நிழலை அளந்து போனில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு 30 செ.மீ. வந்தால் அங்கே 38, 39 வரும். இரண்டு நிழலுக்கும் கோணம் கண்டுபிடித்தால் வித்தியாசம் 4.4 பாகை போல இருக்கும், வடக்கு தெற்காக மட்டும் பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடைவெளி சுமார் 490 கி.மீ. 360ஐ 4.4ஆல் வகுத்து 490ஆல் பெருக்குங்கள், பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் செய்ததும் இந்த மாதிரிக் கணக்குதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதைத் தன் கையால் போட்டுப் பார்க்கிறபோது வருகிற முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும்.

வேப்பமரம் இருக்கிறது என்றீர்களே, அதன் அடியில் வெயில் வட்டம் வட்டமாக விழும். இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் வெளிச்சம் வட்டம்தான், ஏனென்றால் அது ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று மரத்தடியில் அவை எல்லாம் பிறைபிறையாக மாறியதைப் பலர் பார்த்திருப்பார்கள். இதையே பெரிதாகக் காட்ட, சின்ன முகக்கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் ஒரு செ.மீ. அளவுக்கு முக்கோணத் துளை வெட்டி, வெயிலை இருட்டறைச் சுவருக்குத் திருப்புங்கள். சுவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வட்டச் சூரியன் விழும், முக்கோணம் காணாமல் போயிருக்கும். சுவரைத்தான் பார்க்கவேண்டும், கண்ணாடியைப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

ராத்திரி தொலைநோக்கி கிடைத்தால் நல்லது, ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் மணிக்கு 60 பேர்தான் பார்க்க முடியும். காத்திருப்பவர்களை இருட்டில் உட்காரவைத்து வெறும் கண்ணால் வானம் காட்டுங்கள். அந்த மாதத்தில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றும் மாலையிலேயே தலைக்கு மேலும் அதை ஒட்டியும் நிற்கும். பேரைச் சொன்னால் ஆச்சிமாருக்குத் தெரியும், எது என்று காட்டத்தான் ஆள் வேண்டும். எட்டு மணிவாக்கில் தெற்கே அகத்தியர் நட்சத்திரம் நல்ல உயரத்தில் இருக்கும், வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது. டெல்லியில் அது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். ஏன் என்று கேளுங்கள், பகலில் அளந்த நிழலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை யாராவது ஒரு பிள்ளை பிடித்துவிடும். நிலா பார்ப்பதற்கு பௌர்ணமி சரிப்படாது, வளர்பிறை அஷ்டமி பக்கம் அமைந்தால் பள்ளங்களின் நிழல் தெளிவாக விழும். நாள் குறிக்கிறபோது காலண்டரில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளைப் பழைய ஆள் எழுதியது:

தோழர், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையைக் கேட்டுப் பாருங்கள். 1980இல் தொடங்கிய இயக்கம், இந்த மாதிரி வேலையில் பழக்கப்பட்டவர்கள். 1987இல் நாடு முழுக்க அறிவியல் கலைப்பயணம் போய் போபாலில் சேர்ந்தபோது பாட்டும் வீதி நாடகமும்தான் முன்னால் நின்றன, இன்றும் சாயங்காலக் கூட்டத்தைக் கட்டிவைக்க அதற்கு மிஞ்சியது இல்லை. இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழான துளிரின் பழைய பிரதிகள் கிடைத்தால் பாயில் பரப்பி வையுங்கள்.

மந்திரமா தந்திரமா நிகழ்ச்சி கட்டாயம் வையுங்கள். கத்தியில் மெத்தில் ஆரஞ்சு என்ற, அமிலம் பட்டால் சிவக்கும் சாயத்தைத் தடவி எலுமிச்சையை வெட்டினால் ரத்தம்போலச் சிவக்கும், தகடு, செய்வினை என்று காசு பிடுங்குகிறவர்கள் பயன்படுத்துகிற வேலைகளில் ஒன்று. அக்காமார் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கவேண்டிய நிகழ்ச்சி.

மலையோரத்து டீச்சர் எழுதியது:

தோழர் சொல்வதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. எலுமிச்சை சரி. நெருப்பு இல்லாமல் யாகம் என்று பெர்மாங்கனேட்டில் கிளிசரின் ஊற்றுவதும், நாக்கில் கற்பூரம் வைப்பதும் கூடாது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் முயற்சி செய்யும். அப்புறம், சாமி கும்பிடுகிறவர்களைக் கேலி செய்கிற தொனி துளி வந்தாலும் ஆச்சிமார் எழுந்து போய்விடுவார்கள், அடுத்த வருஷம் வரமாட்டார்கள். ஏமாற்றுகிறவனைப் பற்றிப் பேசலாம், ஏமாந்தவரைப் பற்றிப் பேசக்கூடாது. தந்திரத்தைச் செய்துகாட்டி முடித்ததும் பார்வையாளர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே செய்ய வையுங்கள்.

கிளைப் பழைய ஆள் எழுதியது:

ஏற்கிறேன் டீச்சர், நெருப்பு வேண்டாம். தண்ணீர் மேசை ஒன்று போடுங்கள் தோழர், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். ஆற்றுக் குழாய், போர், கிணறு, கேன் என்று வீட்டுக்கு வீடு பாட்டிலில் கொண்டுவரட்டும். டிடிஎஸ் மீட்டர் ஒன்று போதும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை. ஆனால் அந்த மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதை மேசையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள், எண் குறைந்தால் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடுவார்கள். கிருமிக்கு எச்2எஸ் குப்பி இருக்கிறது, தண்ணீரை ஊற்றி வைத்து ஓரிரு நாளில் கறுத்தால் கழிவு கலந்திருக்கலாம் என்று பொருள். அதனால் அதை விழாவுக்கு இரண்டு நாள் முன்னமே ஊற்றி வைத்து முடிவை அன்று காட்டவேண்டும். எந்தத் தெருக் குப்பி என்று வெளியே எழுதாதீர்கள், எண் மட்டும் போடுங்கள், கறுத்தது எந்தத் தெரு என்பதை அந்தத் தெருக்காரர்களிடமும் பஞ்சாயத்திலும் தனியாகச் சொல்லலாம்.

குளத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று மாலை வாசகர் வட்டத்தில் இதை அப்படியே படித்துக் காட்டினோம். காலை ஆறரைக்குக் குளத்தில் பறவை பார்ப்பதோடு தொடங்கலாம் என்று ஒரு தம்பி சொன்னான். மணிமுத்தாறு அகத்தியமலை மையத்தார் தாமிரபரணிக் குளங்களில் வருஷாவருஷம் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு அவன் போகிறவன், நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் எல்லாம் காட்டுவான். ஒன்பது மணிக்கு மேசைகள், 11க்கு நிழல்குச்சி, வெயில் நேரத்தில் உள்ளே கண்ணாடிச் சூரியனும் தீக்குச்சிப் பொம்மையும், நாலு மணிக்கு மண் பாட்டில் அளப்பது, பிறகு நாடகம், ஏழரைக்கு வானம். கொத்தனார் மாமா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆரத்தி மேசைக்கு இரண்டு ஆச்சிமார் இப்போதே சண்டை.

இரவு நிகழ்ச்சிக்கு வேறு என்ன ஏற்பாடு வேண்டும் அண்ணாச்சி?

இரவுவானம் எழுதியது:

மைதானத்தைச் சுற்றியிருக்கும் தெருவிளக்கை இரண்டு மணி நேரம் அணைக்கச் சொல்லி பஞ்சாயத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே கடிதம் கொடுங்கள், அன்று போய்க் கேட்டால் நடக்காது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள், இருட்டுக்குப் பழகின கண் கெடாது. தொலைநோக்கிக்குப் பக்கத்தில் பொடிசுகள் ஏறி நிற்க ஒரு முக்காலியும், குனிய முடியாதவர்களுக்கு ஒரு நாற்காலியும். ஆச்சிமாரையும் கைக்குழந்தைக்காரர்களையும் வரிசையில் முதலில் விடுங்கள். மேகம் வந்தால் மறுநாள் ராத்திரி அதே இடத்தில் என்று நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள்.