டிராஸ் குளிரில் டீசல் உறைந்தால் மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

மலைலோடு:
நவம்பர் கடைசியில் கார்கிலுக்கு லோடு போனேன். பிஎஸ்6 வண்டி, அதாவது புதிய புகை விதிப்படி வந்தது. மேலே பங்க் தேடி அலைய வேண்டாமே என்று பஞ்சாபிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறினேன், அதுதான் தப்பு. கார்கிலுக்கு முன்னால் வரும் டிராஸில் ராத்திரி நிறுத்தி, காலையில் சாவியைத் திருகினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே டால்டா மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. பக்கத்து வண்டிக்காரர் ஸ்டவ்வைப் பற்றவைத்து டேங்குக்கு அடியில் தள்ள வந்தார், இன்னொருவர் மண்ணெண்ணெய் ஊற்று என்றார். இரண்டும் வேண்டாம் என்று, வெந்நீரில் நனைத்த சாக்கை டேங்கிலும் பைப்பிலும் சுற்றிச் சுற்றி, புது ஃபில்டர் போட்டுக் கிளம்ப மதியம் ஆகிவிட்டது. நான் செய்தது சரிதானா?

பழைய ஸ்டியரிங்:
அரை நாள் போச்சே தம்பி! இருபது வருஷம் அந்த லைனில் ஓட்டியிருக்கிறேன். ஜோஜிலா கணவாய் ஏறும் முன்பே நூறு லிட்டருக்கு இருபது லிட்டர் மண்ணெண்ணெய் கலந்துவிடுவோம், ஒரு நாளும் வண்டி நின்றதில்லை.

நாசில்:
அண்ணே, ஏறும் முன்பே கலந்தீர்கள், அதனால் வேலை செய்தது. டீசலில் மெழுகு எப்போதும் உண்டு, குளிர் ஏறும்போது அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். திரண்ட பிறகு மேலே எதை ஊற்றினாலும் சுலபமாகக் கரையாது, சூடு காட்டித்தான் ஆக வேண்டும். அப்புறம், உங்கள் பழைய பம்ப் தாங்கியதை புது வண்டிகளில் டீசலை மிக அதிக அழுத்தத்தில் தள்ளுகிற இந்த காமன் ரெயில் பம்ப் தாங்காது. அதற்கு டீசலே எண்ணெய், மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு கிடையாது. பம்ப் தேய்ந்து இரும்புத்தூள் இன்ஜெக்டருக்குப் போனால் செலவு லட்சத்தில். இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று குளிர்கால டீசல் கொண்டுவந்தது, மைனஸ் 33 டிகிரி வரை உறையாது. அதைப் போடுங்கள்.

பழைய ஸ்டியரிங்:
போடலாம் தம்பி, ஆனால் ஸ்ரீநகரிலிருந்து ஏறுகிறவனுக்குக் கார்கிலுக்கு முன்னாலேயே டிராஸ் வந்துவிடுகிறதே! அங்கே வண்டி நின்றுபோனால் மேலே இருக்கிற டீசலால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? நீங்கள் பட்டறையில் உட்கார்ந்து பேசுகிறீர்கள்.

நாசில்:
நியாயமான கேள்விதான். அதனால்தான் டிராஸில் ராத்திரி தங்காதீர்கள் என்கிறேன். சோனமார்க்கில் தங்கி, பகலில் ஜோஜிலா தாண்டி, நிற்காமல் கார்கில் போய்விடுங்கள். டிராஸிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான், அறுநூறு மீட்டர் தாழ்வும்கூட. டேங்கில் கால்வாசி மட்டும் இருக்கும்படி போனால் அங்கே நல்ல டீசலை நிறையப் போட்டுக் கலக்கலாம். முழு டேங்கோடு போனால் எங்கே ஊற்றுவீர்கள்?

மலைலோடு:
புகையைச் சுத்தம் செய்ய தனி டேங்கில் ஊற்றுகிற ஆட்ப்ளூவும் உறைந்துவிடுமோ?

நாசில்:
மைனஸ் 11-இல் உறையும். வண்டியிலேயே அதற்கு ஹீட்டர் இருக்கிறது, இன்ஜின் ஓட ஓட இளகிவிடும். அதில் நெருப்பு காட்டாதீர்கள், தண்ணீர் கலக்காதீர்கள்.

பழைய ஸ்டியரிங்:
பழைய வண்டிக்கு மண்ணெண்ணெய் தப்பில்லை என்பதில் நான் மாறமாட்டேன். ஆனால் ஸ்டவ் வைக்காதது நல்ல காரியம் தம்பி. ஒரு தடவை என் வண்டியில் ரிட்டர்ன் பைப் கசிந்தது தெரியாமல் அடியில் நெருப்பு வைத்தோம். கிளீனர் பையனுக்கு முழங்கை வரை வெந்துபோனது. அதற்கப்புறம் நானும் சாக்கும் வெந்நீரும்தான்.