ஏபிஏ 7: சாட்ஜிபிடி போட்ட அட்டவணைக்கு யாரை மூலமாகக் காட்டுவது?

வணக்கம். கோலாலம்பூரில் வணிக நிர்வாகம் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை இடுபணி அனுப்பியாக வேண்டும். மூலங்களைக் காட்ட ஏபிஏ (APA) மேற்கோள் முறை, 7ஆம் பதிப்பு.

பூர்சா மலேசியா (பங்குச் சந்தை) தளத்தில் எடுத்த ஆண்டறிக்கைகளில் சிக்கலில்லை: நிறுவனமே ஆசிரியர், பிறகு ஆண்டு, தலைப்பு, இணைப்பு. மாட்டிக்கொண்டது யூரோமானிட்டர் நிறுவனத்தின் பாஸ்போர்ட் என்ற சந்தை ஆய்வுத் தரவுத்தள அறிக்கையில். நூலகக் கணக்கில் நுழைந்தால்தான் திறக்கும். அதிலிருந்த எண்களை மட்டும் (கோப்பை ஏற்றவில்லை, உரிமச் சிக்கல் வேண்டாமே) சாட்ஜிபிடியிடம் கொடுத்து ஒப்பீட்டு அட்டவணை போட வைத்தேன். மூலத்தோடு சரிபார்த்தாயிற்று.

நூலக வழிகாட்டியில் ஏஐ பற்றி ஒரு வரிகூட இல்லை. மேற்கோள் மென்பொருள் சாட்ஜிபிடியை வெறும் இணையப் பக்கமாகப் பதிகிறது. விரிவுரையாளர் விடுப்பில். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயை ஆசிரியராகப் போடும் முறை தெரியும்.

அக்கா, அண்ணன்மாரே, அட்டவணையின் கீழே யூரோமானிட்டர் மட்டும் போதுமா, ஓபன்ஏஐயும் வர வேண்டுமா?