இடது கால் பழகவே மாட்டேங்குது, தினம் சுவத்துல அடிச்சா பலன் இருக்கா?

தோட்டத்துப்பையன்:
வணக்கம். நாங்க மலேசியாவுல பெஸ்தாரி ஜெயா, நம்ம ஆளுங்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தைன்னாதான் தெரியும். மகனுக்கு 11 வயசு, ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல ஆடுறான், வலது கால் ஓகே, இடது கால்ல பந்து வந்தா நெருப்பை மிதிச்ச மாதிரி துள்ளுறான். கோச் தினம் சுவத்துல அடின்னாரு, ரெண்டு மாசமா அடிக்கிறான், பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் தூங்க முடியலன்னு சண்டைக்கே வந்துட்டாங்க, ஆனா போன வாரம் மேட்ச்ல அதே கதைதான் லா. ஒன்னையே திரும்பத் திரும்ப செஞ்சா வருமா, இல்ல அவனுக்கு வராதா?

லயத்து கீப்பர்:
வரும் தம்பி. ஆனா பக்கத்துல நின்னு பார்த்தீங்களா? நானும் சின்ன வயசுல ஆயாக்கொட்டகை (தோட்டத்துல சின்னப் புள்ளைங்களைப் பார்த்துக்கிற இடம்) சுவத்துலதான் அடிச்சேன், கணுக்காலைத் தொளதொளன்னு வச்சே பழகிட்டேன், அதை மாத்துறதுக்குள்ள உயிர் போச்சு. தப்பா அடிச்சாலும் கால் அதையும் மனப்பாடம் பண்ணிக்கும். நிக்கிற கால் பந்துக்குப் பக்கத்துல இருக்கணும், அது பின்னாடி நின்னா பந்து மேல ஏறும். அடிக்கிற காலோட கணுக்கால் இறுக்கமா, பாதத்தோட உள்பக்கத்துல படணும். கிட்ட நின்னு மெதுவா அடிக்கட்டும், சரியா வந்த பிறகு பின்னால போகட்டும். பந்து எத்தனாம் நம்பர் சைஸ்? அந்த வயசுக்கு 4 போதும், வளர்ந்துடுவான்னு நாமதான் 5 வாங்கிடுறோம்.

(எங்க லயத்துல, அதான் தோட்டத்து வீட்டு வரிசையில, எல்லாரும் ஸ்பைடர்மேன் ஆறுமுகம் ஆகணும்னு கோல்லயே நிப்பானுங்க, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசியா டீமோட கீப்பர் அவரு, டீம் அங்க போகாதது வேற கதை. கடைசியில பந்து அடிக்க ஆளே இருக்காது.)

ஃபுட்சால் அண்ணன்:
கீப்பர் அண்ணே சொல்றது சரி, ஆனா பாதிதான். சுவர் எப்பவும் ஒரே மாதிரி திருப்பிக் குடுக்கும், மேட்ச்ல எவன் அப்படி குடுப்பான்? அடி பழகின பிறகு மாத்தி மாத்தி செய்யணும், ஒன்னு உருட்டி ஒன்னு துள்ளவிட்டு, இடது வலது கலந்து, நடுவுல நீங்க விரல் காட்டுங்க, பந்து திரும்பி வர்றதுக்குள்ள அவன் பார்த்து எத்தனைன்னு சொல்லணும். முதல்ல சொதப்புவான், பார்க்கவே கடுப்பா இருக்கும், ஆனா மேட்ச்ல நிக்கிறது அந்த ப்ராக்டிஸ்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் போட்டு வதைக்கிறதை விட தினம் 15 நிமிஷம் மேல். நல்லா தூங்கவும் விடுங்க, அன்னிக்குப் பழகினது தூக்கத்துலயும் படியும்.

ரெண்டு பசங்க அம்மா:
முட்டிக்குக் கீழ எலும்புல வலிக்குதுன்னா நிறுத்திடுங்க, எங்க பெரியவனுக்கு வளர்ற வயசுல வந்துச்சு, நாங்க சாக்கு சொல்றான்னு நெனச்சு திட்டிட்டோம். அப்புறம் கோயில் மண்டபத்துப் பின் சுவத்துல அடிக்கச் சொல்லலாமே, அந்த அக்காவும் பாவம்.

தோட்டத்துப்பையன்:
நன்றி எல்லாருக்கும். சாயங்காலம் ஹேண்ட்போன்ல வீடியோ எடுத்துப் பார்த்தேன், இடது கால்ல அடிக்கும்போது வலது கால் பந்துக்கு ஒரு சாண் பின்னாடி நிக்குது. வலியெல்லாம் இல்லன்றான். பந்தும் 5தான், நாந்தான் வாங்குனேன் 😅 கோயில் தலைவர்கிட்ட திருவிழா முடிஞ்ச பிறகுதான் கேட்கணும், இப்ப போனா பந்தல் கட்ட ஆள் கேப்பாரு.