ஏசிஎல் கிராஃப்ட் நுனித் தையல்: விப்ஸ்டிச்சா, கிராக்கோவா?

கேள்வி:
முழங்காலில் அறுந்த ஏசிஎல் தசைநாருக்குப் பதிலாக வைக்கும் நாலு மடிப்பு ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்பக்கத் தசைநாண்) கிராஃப்ட். டிபியா (கீழ்க்கால் எலும்பு) பக்க நுனியில் 2ஆம் எண் எத்திபாண்ட் நூலில் விப்ஸ்டிச் (சுற்றிச் சுற்றிப் போடும் தையல்) போட்டு, கிராஃப்டை விறைப்பாக்கும் போர்டில் 80 நியூட்டனில் இழுத்து வைத்தால் பத்து நிமிடத்துக்குள் தையல் நுனியை நோக்கி வழுக்குகிறது. முடிச்சை மாற்றணுமா, தையலையா?

பதில் 1:
தையலை. தசைநாணின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. விப்ஸ்டிச் நூல் நாரைப் பிளந்துகொண்டே இறங்கும். கிராக்கோ என்ற பூட்டுத் தையலில் ஒவ்வொரு வளையமும் ஒரு கொத்து நாரைப் பூட்டிப் பிடிக்கும். நுனியிலிருந்து 25–30 மி.மீ., 5 மி.மீ.க்கு ஒரு குத்து. வளையத்தை அப்போதைக்கப்போது இறுக்குங்கள். கடைசியில் சேர்த்து இறுக்கலாம் என்று விட்ட தளர்ச்சி, டிபியாவில் பொருத்திய பிறகு மில்லிமீட்டர் கணக்கில் வெளியே வரும்.

பதில் 2:
சார் சொல்வது சரி. கிராக்கோவில் ஒரு வில்லங்கம்: திரும்பி வரும் வரிசையில் ஊசி முதல் நூலையே குத்திவிடும். பார்த்தால் தெரியாது, இழுவையில் அங்கேதான் அறும். குத்தியதும் முதல் நூலை லேசாக இழுத்துப் பாருங்கள். நகராவிட்டால் ஊசியை எடுத்து மறுபடி குத்துங்கள். நுனி தடிக்கும் என்பதால் தைத்த பிறகே சைசிங் பிளாக்கில் (தடிமன் பார்க்கும் துளைக் கட்டை) அளக்கணும். முன்னாடி அளந்து எலும்பில் டனல் போட்டால் கிராஃப்ட் அதன் வாயிலேயே சிக்கும்.

பதில் 3:
ஃபைபர்வயர் நூலுக்கு மாறினால் முடிச்சையும் கவனியுங்கள், வழவழப்பு அதிகம். ஆறு சுற்றாவது போடுங்கள். ஒரு நூலை மட்டும் விறைப்பாகப் பிடித்தால் சதுர முடிச்சு அரை முடிச்சாகச் சரிந்து நழுவும். இரண்டையும் சமமாக, எதிரெதிராக இழுக்கணும்.