புலிகாட்ல எடுக்கிற பூநாரை படம் எல்லாம் மசமசன்னு வருது, லென்ஸ்ல கோளாறா?

ஆரம்பாக்கம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஆந்திரா பார்டர்ல தமிழ்நாட்டுப் பக்கம் ஆரம்பாக்கம். கையில இருக்கிறது சோனி ஏ6400 கேமரா, கூட 70-350 ஜி லென்ஸ். லீவு கிடைச்சா சூலூர்பேட்டைல இருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோட்டுக்குப் போயிடுவேன், ரெண்டு பக்கமும் ஏரி, குளிர்காலம் வந்தா பூநாரை கூட்டம் கூட்டமா நிக்கும். வீட்டு வேலை முடிச்சு கிளம்பி போய் சேர பத்து மணி தாண்டிடும்.

ஷட்டர் 1/2000 வச்சும் ஷார்ப்பா வரல. கழுத்தோட ஓரம் நெளிஞ்சு தெரியுது. உடம்பு வெளுத்துடுது, றெக்கைல இருக்கிற சிவப்பு ஒரே திட்டா அப்பிக்கிட்டு நிக்குது, இறகு பிரிஞ்சே தெரியல. பறக்கும்போது எடுத்ததுல சிலதுல றெக்கை ஒரு தினுசா வளைஞ்சிருக்கு. லைட்ரூம் சாஃப்ட்வேர்ல டீஹேஸ் (மங்கலைக் குறைக்கிறது), ஷார்ப்பனிங் ரெண்டையும் ஏத்திப் பாத்தேன், இன்னும் மோசமாகுது. லென்ஸை சர்வீஸுக்குக் குடுக்கலாமா, இல்ல கடன் வாங்கியாவது 200-600 லென்ஸுக்கு மாறிடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏரிக்கரை:
தம்பி, காசை பத்திரமா வைங்க, லென்ஸ் மேல தப்பு இருக்கிற மாதிரி தெரியல. ஒரு தடவை வீட்டு வாசல்லயே பத்து பதினஞ்சு அடில இருக்கிற பூவையோ காக்காவையோ அதே 350ல எடுத்துப் பாருங்க, அது நறுக்குன்னு வந்தா லென்ஸ் நல்லாதான் இருக்கு.

உங்க படத்தைக் கெடுக்கிறது நடுவுல இருக்கிற காத்து. புலிகாட் ஏரில தண்ணி ஆழம் ரொம்ப கம்மி, ஓரத்துல சேறு காஞ்சு கிடக்கும், வெயில் ஏறினதும் அது சூடாகி மேல இருக்கிற காத்து தோசைக்கல்லு மேல ஆடுற மாதிரி ஆடும். பறவை முன்னூறு மீட்டர் தள்ளி நிக்குதுன்னா அந்த முன்னூறு மீட்டர் ஆடுற காத்து வழியாதான் லென்ஸ் பாக்குது. 1/2000 இல்ல 1/4000 வச்சாலும் நெளிஞ்ச உருவம் நெளிஞ்சபடியேதான் பதியும். 200-600 வாங்கினா அந்த நெளிவு இன்னும் பெருசா தெரியும், அவ்ளோதான். தார் ரோட்டுல நின்னு எடுக்கிறதும் ஒரு காரணம், ரோடே சூட்டைக் கக்கும். காருக்குள்ள ஏசி போட்டுக்கிட்டு கண்ணாடியை இறக்கி எடுக்கிறவங்களுக்கும் இதே கதிதான்.

அதனால விடியறதுக்கு முன்னாடி அங்க இருக்கணும். இன்னொண்ணு, அந்த ரோடு மேற்குல இருந்து கிழக்கா போகுது, குளிர்காலத்துல சூரியன் தென்கிழக்குல எழும்பும், அதனால காலைல ரோட்டுக்கு வடக்கு பக்கம் நிக்கிற பறவையைப் பாருங்க, வெளிச்சம் உங்க முதுகுப் பக்கத்துல இருந்து அது மேல விழும். தெற்கு பக்கம் இருக்கிறதெல்லாம் கருப்பு உருவமாதான் கிடைக்கும், அது வேணும்னா எடுத்துக்கலாம்.

றெக்கை வளையிறது சைலன்ட் ஷூட்டிங் ஆன்ல இருக்கிறதாலன்னு நினைக்கிறேன், மெனுல பாருங்க. அந்த மோட்ல சென்சார் மேல இருந்து கீழ வரிசை வரிசையா படிக்கும், படிச்சு முடிக்கிறதுக்குள்ள றெக்கை அசைஞ்சிடும். சோனில ஏ9 III மாதிரி சென்சார் முழுசையும் ஒரே நேரத்துல படிக்கிற குளோபல் ஷட்டர் கேமராவுல இந்தத் தொல்லை கிடையாது, நம்ம ஏ6400க்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான் சரி. சத்தத்துக்கு பயப்படாதீங்க, அவ்ளோ தூரத்துல அதுங்களுக்கு கேக்காது. இறங்கி சேத்துல நடந்து போனாதான் கூட்டம் மொத்தமா கிளம்பிடும், மேயிற பறவையை தயவுசெஞ்சு எழுப்பாதீங்க. பழவேற்காட்டுல படகு எடுக்கிறவங்களும் கிட்ட போகச் சொல்லி படகுக்காரரைப் படுத்தாதீங்க.

கலர்க்கிறுக்கி:
ஏரிக்கரை அண்ணன் சொன்னதுக்கு மேல எடிட்டிங் பக்கம் மட்டும் நான் சொல்றேன்.

சிவப்பு திட்டு ஆகுறதுக்கு காரணம் ரெண்டு இருக்கு, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. ஒண்ணு, எடுக்கும்போதே ரெட் சேனல் மட்டும் வெடிச்சிருக்கும், அதாவது சிவப்பு அளவு மீறி விவரம் போயிருக்கும். ஷூட்டிங் ஸ்க்ரீன்ல தெரியிற ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு வரைபடம்) மொத்த வெளிச்சத்தை மட்டும் காட்டும், அதுல எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரியும். ப்ளேபேக்ல போய் டிஸ்ப்ளே பட்டனை அமுக்கினா சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா வரும், சிவப்பு வலது சுவத்துல முட்டி நிக்குதான்னு பாருங்க. முட்டினா எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 அளவுக்கு இறக்குங்க. ஸீப்ராவை (வெளிச்சம் மீறின இடத்துல ஸ்க்ரீன்ல கோடு காட்டுறது) 100+ல வச்சா வெள்ளை உடம்புல கோடு ஓடும்போதே வெளிச்சம் மீறுதுன்னு தெரிஞ்சிடும். எடுக்கிறது கட்டாயம் ரா, அதாவது ஜேபெக் ஆக்காத மூல ஃபைல்.

ரெண்டாவது, ராவுல விவரம் பத்திரமா இருக்கும், ஆனா நீங்க கலரை ஏத்தினதுல மானிட்டர் காட்ட முடியிற எல்லையைத் தாண்டிடும். அப்ப அடோப் கலர் ப்ரொஃபைலை மாத்தி அடோப் நியூட்ரல் வைங்க, கலர் மிக்ஸர்ல ரெட், மெஜந்தா ரெண்டுலயும் சாச்சுரேஷனையும் லூமினன்ஸையும் கொஞ்சம் இறக்குங்க. இறகு ஒண்ணொண்ணா பிரிஞ்சு வரும் பாருங்க, எனக்கு எடிட்டிங்லயே ரொம்பப் பிடிச்ச இடம் அதான். காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்காதவங்க டார்க்டேபிள்லயும் இதையே பண்ணலாம்.

டீஹேஸ் கலரையும் கான்ட்ராஸ்ட்டையும் மட்டும் ஏத்தும், காத்து தின்ன விவரத்தைத் திருப்பித் தராது. ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ வேணாம், டேலைட்ல ஃபிக்ஸ் பண்ணிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் பிங்க் வேற வேற மாதிரி வரும்.

ஒரு வேண்டுகோள், கூட்டத்துல சாம்பல் கலர்ல நிக்கிறது குஞ்சுல இருந்து வளர்ந்துட்டு இருக்கிற இளசு. பாசி, இறால் மாதிரி தின்னுற தீனில இருந்துதான் வருஷக்கணக்குல அந்த பிங்க் ஏறுது. அதையும் இழுத்து பிங்க் ஆக்கிடாதீங்க, பறவை தெரிஞ்சவங்களுக்கு படம் பொய்யா போயிடும்.

ஆரம்பாக்கம்காரன்:
அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சைலன்ட் ஆன்லதான் இருக்கு. இன்னும் ரெண்டு சந்தேகம். அனிமல் ஐ ஏஎஃப் (விலங்குக் கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ்) ஆன்ல இருந்தும் பறவைக் கண்ணைப் பிடிக்கவே மாட்டேங்குது. அப்புறம் லேப்டாப்ல பளிச்சுன்னு இருக்கிற படம் வாட்ஸப்ல அனுப்பினா மங்கிடுது.

ஏரிக்கரை:
ஏ6400ல அந்த அனிமல் ஐ நாய் பூனைக்குத்தான், பறவைக்கு ஏ6700 மாதிரி பின்னாடி வந்த பாடி வேணும். நிக்கிற பறவைக்கு ஃப்ளெக்ஸிபிள் ஸ்பாட்னு இருக்கிற ஃபோகஸ் கட்டத்தை சின்னதா வச்சு தலை மேல போடுங்க, பறக்கிறதுக்கு ட்ராக்கிங், கூடவே தொடர்ந்து ஃபோகஸ் பண்ற ஏஎஃப்-சி.

கலர்க்கிறுக்கி:
எக்ஸ்போர்ட்ல கலர் ஸ்பேஸ் அடோப் ஆர்ஜிபின்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா எஸ்ஆர்ஜிபிக்கு மாத்துங்க. வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க.